அறுபத்து நான்காம் இடம்

ஜனவரி 9, திங்கள்

வருகைப் பதிவுக் கைரேகை இயந்திரம் இன்று மூன்று முறை என்னை மறுத்தது. நான்காம் முறை ஏற்றுக்கொண்டது. ஐந்து வருடங்களாக அதே விரலைத்தான் வைக்கிறேன்.

சந்தானகோபால் சார் பத்தரைக்கு வந்தார். அவர் என் ஆய்வு வழிகாட்டி. அவர் கையெழுத்து இல்லாமல் இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது. வந்ததும், மகளின் பள்ளிக்குச் சூரியக் குடும்பம் ஒன்று செய்ய வேண்டும் என்றார். நானும் பக்கத்து மேசை ஆரோக்கியசாமியும் தெர்மாகோல் பந்து வாங்கப் போனோம்.

"முனைவர் மாரிச்செல்வி," என்றான் ஆரோக்கியசாமி வழியில். "சிறப்புத் துறை, சனிக்கிரகத்துக்கு வளையம் மாட்டுதல்."

சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

மதியத்துக்கு மேல்தான் சொந்த வேலை. என் புரதம் இருநூற்று நாற்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. நீளமாகக் கிடந்தால் அது ஒன்றுக்கும் உதவாது. மடிந்து உருண்டால்தான் வேலை செய்யும். மடியும்போது, சங்கிலியில் வெகுதூரம் தள்ளி நிற்கும் இரண்டு அமிலங்கள் பக்கத்தில் வந்து நெருங்கிக்கொள்கின்றன. அடுத்தடுத்து நிற்பவை நெருங்குவதில் அதிசயம் இல்லை. தூரத்தில் இருப்பவை நெருங்கும் இடங்கள்தான் முழு உருண்டையையும் குலையாமல் பிடித்து வைக்கின்றன. அவற்றில் முக்கியமானவை எவை என்று கணினியில் தேடுவது என் ஆய்வு.

மாலையில் அம்மா பேசினாள். ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்படி என்னதாண்டி பண்ற அஞ்சு வருசமா?"

"சேலையை உடுத்தும்போது ஒரு முனை இடுப்புல இருக்கு, இன்னொரு முனை தோளைச் சுத்தி வந்து அதுகிட்டயே நிக்குதுல்ல. அந்த மாதிரிம்மா."

"ஊக்கு குத்தலேன்னா நிக்காது. அவுந்துரும்."

"அந்த ஊக்கு எங்க இருக்குன்னுதான் தேடுறேன்."

"ஒரு ஊக்கைத் தேட அஞ்சு வருசமா! வெளிய சொல்லிராத."

ஜனவரி 12, வியாழன்

மூன்று ஊக்குகள் கிடைத்தன. 64, 97, 171. இந்த மூன்று இடங்களிலும் உள்ள அமிலங்கள் தூரத்து அமிலங்கள் பலவற்றோடு ஒரே நேரத்தில் நெருங்கி நிற்கின்றன. இவற்றை எடுத்துவிட்டு அலனின் என்ற சின்ன அமிலத்தை வைத்தால் ஊக்கைக் கழற்றியது போல. புரதம் குலைய வேண்டும். குலைந்தால் என் கணக்கு சரி.

எங்களுக்குக் கணினி மட்டும்தான். சோதனைக் குழாயில் புரதத்தைச் செய்து பார்ப்பவர் பேச்சியம்மாள் அக்கா. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதி நேர ஆய்வாளர். ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு மாலையில்தான் ஆய்வகத்துக்குப் போவார். முப்பத்தாறு வயது. என்னை 'மேடம்' என்பார். எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை.

எண்களை உடனே அனுப்பச் சொன்னார் சார். மூன்றரைக்கு ஊருக்குப் பஸ். பொங்கல் கூட்டம். அட்டவணையில் எண்கள் இருந்த பத்தியை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டு ஓடினேன். ராஜபாளையம் வரை நின்றுகொண்டே போனேன்.

ஜனவரி 18, புதன்

பேச்சியம்மாள் அக்காவிடமிருந்து மின்னஞ்சல். ஏதோ சந்தேகம். பதில் போட்டேன்.

சனிக்கிரகத்தின் வளையம் பிய்ந்து வந்துவிட்டதாம். மறுபடி ஒட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

விடுதியில் தண்ணீர் இல்லை. யூ.பி.எஸ். செத்து, பதினோரு நாள் ஓடிய கணக்கு அதோடு போயிற்று.

பிப்ரவரி 27, திங்கள்

மதியம் பேச்சியம்மாள் அக்கா பேசினார். பள்ளி இடைவேளை போல. பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"மேடம், மூணையும் மாத்திப் பாத்துட்டேன். ஒண்ணுமே ஆகல."

"ஒண்ணுமேன்னா?"

"மாத்தாத புரதம் அறுவத்திரெண்டு டிகிரியில கலங்குது. மாத்துன மூணும் அதே அறுவத்திரெண்டுதான். நாலு தடவ சூடு பண்ணிட்டேன்."

புரதம் குலையும்போது தெளிந்த நீர் பால் போலக் கலங்கும். பலவீனமான புரதம் குறைந்த சூட்டிலேயே கலங்க வேண்டும். இது கலங்கவில்லை. என் ஊக்குகளைக் கழற்றிய பிறகும் சேலை அப்படியே நிற்கிறது.

"சரிக்கா. சார்கிட்ட சொல்றேன்," என்றேன்.

சாரிடம் சொன்னேன். ஏப்ரலில் நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஜூனில் ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அம்மா மில்லை விடலாம். அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "நான் அங்க நேர்ல போய்ப் பாக்குறேன்," என்றார். அவர் பேச்சியம்மாள் அக்காவின் ஆய்வுக் குழுவிலும் உறுப்பினர்.

மார்ச் 1, புதன்

சார் விருதுநகர் போய்விட்டு வந்தார். மேசையில் காரின் சாவியைப் போட்டார்.

"கணக்குல தப்பில்ல. செய்யிற கைதான் தப்பு. சில பேரு கைக்கு எதுவும் நிக்காதும்மா. பழக்கம் வேணும், பரம்பரையா ஒரு சுத்தம் வேணும்."

பரம்பரையாக. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! இந்த மனிதர் மேடையில் சமூக நீதி பேசுவார். பேச்சியம்மாள் அக்கா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது இவருக்குத் தெரியும். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்பதும் தெரியும். என் கை சுத்தம், ஏனென்றால் நான் குழாயைத் தொடுவதில்லை. அவருக்கு உபயோகமாக இருக்கிறேன். ஒரு சோதனை தோற்றால் காரணம் தேட இவர்களுக்கு நுண்ணோக்கி தேவையில்லை. சாதிச் சான்றிதழ் போதும். வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும், "பரம்பரைன்னா என்ன சார்?" என்று. கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். ஐந்து வருடமாக என் வீரமெல்லாம் இந்த நோட்டில்தான்.

மார்ச் 3, வெள்ளி

ஆரோக்கியசாமி கேட்டான்: "அக்கா, அந்த நம்பரை நீங்க எந்த ஃபைல்ல இருந்து எடுத்து அனுப்புனீங்க?"

"ஏன், நீ எனக்கு வழிகாட்டியா?"

"இல்ல, சும்மா…"

"சும்மான்னா போய் உன் வேலையைப் பாரு."

பாவம், டீ வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். குடிக்கவில்லை. ஆறிப்போயிற்று.

மார்ச் 6, திங்கள்

துணி துவைத்தேன். அந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். துறை வாசலில் கோலப் போட்டி. ஆய்வாளர்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். நடுவர் சந்தானகோபால் சார். நான் இரட்டைச் சுருள் டி.என்.ஏ. போட்டேன். இரண்டாம் பரிசு, ஒரு டிஃபன் பாக்ஸ். "பெண்கள் இல்லாம அறிவியல் இல்ல," என்று மைக்கில் சொன்னார். பேச்சு முடிந்ததும் நாற்காலிகளை நாங்கள் அடுக்கினோம்.

பிறகு என்னை அழைத்துச் சொன்னார்: "அந்தப் பார்ட் டைம் அம்மாவுக்கு இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி வச்சிருக்கு. முன்னேற்றம் இல்லைன்னு எழுதப் போறோம். மூணாவது தடவ. பதிவு ரத்தாயிரும். உனக்கு வேற ஆள் பாத்துத் தர்றேன்."

ஏழு வருடம் பள்ளியில் நின்று பேசிவிட்டு, மாலையில் குழாயோடு நின்ற ஒருத்தி. ஒரு கையெழுத்தில் போய்விடும்.

மார்ச் 13, திங்கள்

இருபத்து மூன்று.

எழுதித்தான் ஆக வேண்டும். பேச்சியம்மாள் அக்கா அனுப்பியிருந்த அமில வரிசையையும் என் கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தப் புரதம் உயிரணுவில் உருவாகும்போது முன்னால் இருபத்து மூன்று அமிலங்கள் கூடுதலாக இருக்கும். புரதம் வெளியே வரும்போது அந்தத் துண்டு வெட்டப்பட்டுவிடும். நான் பயன்படுத்திய கோப்பு, வெட்டிய பிறகு மிஞ்சியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. அவர் மரபணுவில் இருந்தபடி முதலிலிருந்து எண்ணுகிறார். என்னுடைய 64 அவருக்கு 87. என்னுடைய 97 அவருக்கு 120. 171 அவருக்கு 194.

நான் 64 என்று அனுப்பினேன். அவருடைய 64 உருண்டையின் மேல்தோலில் சும்மா நிற்கும் செரின் என்ற அமிலம். அதைப் பிடுங்கினால் எதுவும் ஆகாது. எதுவும் ஆகவில்லை.

எங்கள் தொழிலில் முதல் மாதமே சொல்லிக் கொடுப்பது இது: எண்ணோடு அமிலத்தின் பெயரையும் எழுத வேண்டும். லூசின் 64 என்று எழுதியிருந்தால் அவர் வரிசையில் 64இல் லூசின் இல்லை என்பது உடனே தெரிந்திருக்கும். நான் எண்ணை மட்டும் வெட்டி ஒட்டினேன்.

ஊக்கே இல்லாத இடத்தில் ஊக்கைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னபடி, சுத்தமாக, மூன்று இடத்திலும் கழற்றியிருக்கிறார்.

மார்ச் 14, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்ப விடு."

"சார், அவங்க பதிவு…"

"உக்காரு. தண்ணி குடி." அவரே பாட்டிலை நகர்த்தி வைத்தார். "நானும் உன்ன மாதிரி கஷ்டப்பட்டு வந்தவன்தான். இப்ப நாம தப்புன்னு எழுதிக் குடுத்தா, ஆய்வேட்டைத் திருத்துறவன் உன் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவான். ஆய்வேடு ஒரு வருசம் தள்ளிப்போகும். உங்க அம்மா இன்னும் மில்லுக்குத்தான போறாங்க? அந்த அம்மாவுக்கு ஸ்கூல் வேலை இருக்கு. பட்டம் இல்லைன்னா செத்துற மாட்டாங்க. 'சோதனை முடிவுகள் தெளிவாக இல்லை'ன்னு ஒரு வரி போடு. ஏப்ரல்ல கையெழுத்துப் போடுறேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி சார்," என்றேன்.

மார்ச் 15, புதன்

அந்த ஒரு வரியை எழுதினேன். தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 17, வெள்ளி

பேச்சியம்மாள் அக்கா பேசினார்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் வேணா இன்னொரு தடவ முதல்ல இருந்து செஞ்சு பாக்கவா? டியூப் எல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு. ஆனா எங்க கைடு மேடம் லேப் சாவியை வாங்கிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை உங்க சார்கிட்ட சொன்னீங்கன்னா…"

"பாக்கலாம்க்கா."

"உங்களுக்குச் சங்கடம்னா வேணாம்."

"இல்லக்கா. பாக்கலாம்."

போனை வைத்த பிறகு கைகழுவப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

மார்ச் 20, திங்கள்

ஜனவரி 18 அன்று 'ஏதோ சந்தேகம்' என்று எழுதியிருக்கிறேன். அது 'ஏதோ' அல்ல. அவர் எழுதியிருந்தது இது:

"வணக்கம் மேடம். நீங்கள் கொடுத்த 64ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் என்று சொல்ல முடியுமா? என் வரிசையில் அங்கே செரின் இருக்கிறது. அது வெளிப்பக்கம் இருப்பது போலத் தெரிகிறது. ஒருவேளை நம் இருவர் எண்ணும் வேறாக இருக்குமோ?"

என் பதில்:

"கொடுத்த எண்களில் மாற்றம் இல்லை. விரைந்து முடிக்கவும்."

சாருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். 'விரைந்து முடிக்கவும்' என்பது அவர் எனக்கு எழுதும் வாக்கியம். எனக்குக் கீழே எழுத ஓர் ஆள் கிடைத்ததும் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு என் எண்ணில் என்ன சந்தேகம் என்று அன்று எரிச்சல் வந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கோப்பைத் திறந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆரோக்கியசாமி கேட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் துணி துவைத்தேன், கோலம் போட்டேன்.

மார்ச் முதல் தேதிப் பக்கத்தில் சாதி பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறேன்! எழுதியதெல்லாம் உண்மைதான். அதனால்தான் படிக்க முடியவில்லை.

இரண்டு கடிதங்களையும் அச்செடுத்தேன். காலை ஏழு மணிப் பஸ்.

மார்ச் 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தாழ்வாரத்தில் பேச்சியம்மாள் அக்கா கையில் எவர்சில்வர் தட்டு. கேசரி, உளுந்து வடை, முந்திரி பிஸ்கட். கமிட்டிக்கு ஆய்வாளர்தான் டிபன் வாங்க வேண்டும். எங்கும் இதுதான் வழக்கம். தன் பதிவை ரத்து செய்ய வந்தவர்களுக்கு அவர் கேசரி வாங்கி வைத்திருந்தார். கரை போட்ட நல்ல சேலை கட்டியிருந்தார்.

"மேடம்! நீங்க எங்க இங்க?"

"தட்டைக் குடுங்கக்கா."

வாங்கி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே மூன்று பேர்: அவருடைய வழிகாட்டி அம்மா, எனக்குத் தெரியாத ஒரு பெரியவர், சந்தானகோபால் சார்.

"நீ எதுக்கு வந்த?" என்றார் சார்.

ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "தப்பான நம்பர் அனுப்புனது நான். அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க," என்றேன். காகிதங்களை மேசையில் வைத்தேன். இருபத்து மூன்று என்று சொன்னேன். 64, 87 என்று சொன்னேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கடிதங்களையும் இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பொண்ணு ஜனவரியிலேயே கேட்டிருக்கே?"

"ஆமா சார்."

"நீ பாக்கலையா?"

"பாக்கல சார்."

அவருடைய வழிகாட்டி அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தானகோபால் சார் அழகாகச் சிரித்தார். "ஸ்டூடண்ட்ஸ் பண்ற தப்புதான். நல்லவேளை, வந்து சொன்னா. எனக்கே இப்பத்தான் தெரியுது."

நேற்றுவரை என்றால் இதையும் இந்த நோட்டில்தான் எழுதியிருப்பேன்.

"உங்ககிட்ட பதினாலாம் தேதியே சொன்னேன் சார்," என்றேன்.

பெரியவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இருபது நிமிடம். கேசரி ஜன்னல் திண்டிலேயே இருந்தது, எறும்பு வந்துவிட்டது. ஆறு மாத நீட்டிப்பு, மறுசோதனை, சாவி திரும்பக் கொடுக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மூன்று கையெழுத்துகள். சார் தன்னுடையதைப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் காருக்குப் போனார்.

பஸ் நிறுத்தம் வரை பேச்சியம்மாள் அக்கா கூட வந்தார். நன்றி சொல்லவில்லை.

"அந்த மெயிலை நீங்களே காட்டியிருக்கலாமேக்கா?" என்றேன்.

"காட்டாம இருப்பேனா? எங்க மேடம் வாங்கிக்கூடப் பாக்கல. போன தடவ வந்தப்ப உங்க சார்கிட்ட குடுத்தேன். நின்னு, முழுசா வாசிச்சாரு. 'தேவையில்லாம சின்னப் பிள்ளை மேல பழியைப் போடாதம்மா'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

போன தடவை என்றால் மார்ச் ஒன்று. பரம்பரைச் சுத்தம் பேசிய அன்று. வாசித்துவிட்டு வந்துதான் பேசியிருக்கிறார்.

"பிறகு ஏன் வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணீங்க? நேரா திட்டியிருக்கலாமே."

"திட்டலாம்னுதான் எடுத்தேன்." பஸ் வருகிறதா என்று பார்த்தார். "நீங்க 'பாக்கலாம்க்கா'ன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு குரல்லயே தெரிஞ்சது. தெரிஞ்ச பிறகும் அப்படிச் சொல்றீங்களேன்னு வச்சுட்டேன்."

பஸ் வந்தது. வடைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "காசு குடுத்து வாங்குனது. வீணாப் போக வேணாம்."

ஏப்ரல் 10, திங்கள்

சார் என் ஆய்வுச் சுருக்கத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'அனைத்துக் கணக்குகளையும் முதலிலிருந்து சரிபார்த்த பின் அணுகவும்.' தேதி எதுவும் இல்லை. கைரேகை இயந்திரம் என்னை முதல் முறையே ஏற்றுக்கொண்டது.

ஜூன் வேலை இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "ஊக்கு கிடச்சுச்சா?" என்றாள். "கிடச்சது. இடத்தை மாத்திச் சொல்லிட்டேன்மா," என்றேன். "சரி, சாப்பிடு," என்று வைத்துவிட்டாள். நாளை அவளுக்கு முதல் ஷிப்ட்.

ஆரோக்கியசாமி என் கணக்குகளில் பாதியைச் சரிபார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டான். எனக்கு டீ வாங்கித் தருவதை நிறுத்தவில்லை. குடிக்கிறேன்.

மே 4, வியாழன்

மாலை ஐந்தரைக்குப் போன்.

"ஏ செல்வி!"

யாரென்று ஒரு நொடி தெரியவில்லை. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நாப்பத்தி நாலுலயே கலங்கிருச்சு! எண்பத்தேழு. பால் மாதிரி. மூணு தடவ பண்ணிட்டேன், மூணும் அதே நாப்பத்தி நாலு."

பதினெட்டு டிகிரி. ஒரே ஓர் அமிலம். சுவரில் சாய்ந்து நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதற்கு வேண்டிய தெம்பு இல்லை. கால் வலித்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"லேப்ல யாரு இருக்கா?" என்றேன்.

"நானும் சாவியும்தான்." சிரித்தார். பிறகு பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "சரி, அடுத்தது சொல்லு. எழுதிக்கிறேன்."

"நூத்தியிருபது."

"நம்பர் மட்டும் வேணாம். பேரையும் சொல்லு."

சொன்னேன்.